சனிக்கிழமை வகுப்புக்குப் போன ரேடியோ

டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் சலூன் வைத்திருந்த மனிதருக்கு அந்தத் தெருவே சேர்ந்து ரேடியோ என்று பெயர் வைத்திருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது தொடங்குகிற பேச்சு சாயங்காலம் ஷட்டரை இறக்கும்வரை ஓயாது. நாற்காலியில் உட்கார்ந்தவர் முதுகைப் பிடித்துக்கொண்டால், தெரிந்த முதுகுவலிக்காரர்கள் அத்தனை பேரின் கதையும் வரும். வீடு மாற்றப் போகிறோம் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ, கிருதாவை எடுத்து முடிப்பதற்குள் அக்கம்பக்கத்தில் காலியாக இருக்கிற வீடுகள், அவற்றின் தண்ணீர்க் கஷ்டம், சொந்தக்காரர்களின் குணம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார். கத்தரியைவிட நாக்குக்கு வேகம் அதிகம் என்று சிரிப்பார்கள். ஆனாலும் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். அவ்வளவு சுத்தமான கை.

வீட்டுக்கு வந்தால் அதே மனிதர் ஊமை. நாள் முழுவதும் நின்ற கால்களை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி ஆஸ்பத்திரி சமையற்கூடத்தில் வேலை பார்த்தாள். "பேச்செல்லாம் கடையிலயே வித்துத் தீர்ந்துடுது. வீட்டுக்கு வர்றது வெறும் இருமல்தான்" என்பாள். ஒரே மகனிடம் அவர் பேசுவது மூன்று கேள்விகளோடு முடிந்துவிடும். சாப்பிட்டியா, படிச்சியா, லைட்ட அணைச்சியா. மூன்றுக்கும் சேர்த்து அவன் ஒரே பதில் வைத்திருந்தான். "ம்."

நடுக்கேள்விக்கு அவன் சொன்ன "ம்" பச்சைப் பொய் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பையன் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வண்டி பழுது பார்க்கிற இடத்தில் பெரிய பையன்கள் சிலரோடு பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அந்தச் சேர்க்கை அவனை ஒரு செல்போன் கிடங்கின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. பெரியவன்கள் உள்ளே பூட்டை உடைத்தார்கள், இவன் வெளியே நோட்டம் பார்த்தான். வாட்ச்மேன் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்ததும் பதறிப்போய் அவரைப் பிடித்துத் தள்ளினான். அவர் படிகளில் உருண்டு விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மற்றவன்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டான்கள். இவனுக்கு ஓடத் தோன்றவில்லை. விழுந்து கிடந்தவருக்குப் பக்கத்திலேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தவனைத்தான் போலீஸ் பிடித்தது. அவனுக்கு அப்போது பதினைந்து வயது. சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் ஒரு வருடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"பையன் எங்கண்ணே, கண்ணுலயே படல?" என்று கடையில் கேட்டார்கள்.

"ஹாஸ்டல்ல போட்டுட்டேன். இங்க இருந்தா படிப்பு ஏறாது" என்றார் ரேடியோ. அவர் எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். அதனால் அந்த ஹாஸ்டலுக்கு ஒரு பெரிய மைதானம் முளைத்தது, கண்டிப்பான வாத்தியார்கள் வந்து சேர்ந்தார்கள், சாப்பாடுகூட பரவாயில்லை என்று ஆனது. சொல்லச் சொல்ல அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இல்லத்தில் சனிக்கிழமைதான் பார்வை நாள். நீளமான கூடம். மேசைகளும் நாற்காலிகளும் தரையோடு திருகப்பட்டிருந்தன. சுவர் ஓரமாக நின்ற வார்டன் எல்லாக் குடும்பத்தின் பேச்சையும் கேட்டும் கேட்காததுபோல் இருந்தார். முதல் சில வாரங்கள் மனைவி கூட வந்ததால் சமாளிக்க முடிந்தது. அவள் அழுவாள், திட்டுவாள், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு விரல் நகத்தை ஆராய்வாள். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து மேசையில் யாரோ கீறி வைத்திருந்த பெயரைத் தடவிக்கொண்டிருப்பார். பிறகு ஆஸ்பத்திரியில் அவளுடைய ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். இனிமேல் சனிக்கிழமை அவர் தனியாகத்தான் போக வேண்டும்.

"நான் போய் என்னடி பேசுவேன்?" என்றார்.

"ஊர் பூரா பேசுற வாய்தானே. மகன்கிட்ட பேச மட்டும் வாடகைக்கு ஆள் பிடிக்கணுமா?" என்றாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவும் மகனும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் விஷயம் தீர்ந்துவிட்டது. மகன் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான், அப்பா வார்டனின் தலைமுடியைப் பார்த்தார். பின்பக்கம் யாரோ கொத்திக் குதறி வைத்திருந்தார்கள். அதையாவது சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

வெளியே வருகிற வழியில் ஒரு பெண் அவரை நிறுத்தினாள். கையில் சுண்ணக்கட்டித் தூள், மூக்கில் ஓயாத ஜலதோஷம். இல்லத்துக்குள் இருக்கிற பள்ளிக்கு அவள் ஒருத்திதான் டீச்சர். வெவ்வேறு வகுப்புப் பையன்களை ஒரே அறையில் வைத்துக்கொண்டு கணக்கிலிருந்து வரலாறு வரை நடத்துகிறவள்.

"உங்க பையன் பேனாவையே கையில எடுக்க மாட்டேங்கிறான். பேர் எழுதச் சொன்னாக்கூட கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றாள்.

"நாலு அறை விட்டுச் சொல்லிக்குடுங்க டீச்சர். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"நீங்க கேக்க மாட்டேங்கிறதுதான் பிரச்சினையே." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இங்க இருக்கிற பசங்க என்ன படிச்சாங்க, என்ன எழுதினாங்கன்னு கேக்க வெளிய ஒரு ஆளும் கிடையாது. வர்றவங்க எல்லாம் அழறாங்க, இல்லன்னா திட்டுறாங்க. யாருக்குக் காட்டன்னு அவன் படிப்பான்?"

"எனக்கு என்ன தெரியும் டீச்சர்? நான் எட்டாவதோட நின்னவன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க கேட்டா பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கும். நீங்க தெரியாமலே கேளுங்க."

பையிலிருந்து சில தாள்களை எடுத்துக் கொடுத்தாள். அறிவியல் பாடத்தில் ஒளி என்ற பகுதி. இந்த வாரம் அதைத்தான் நடத்தப் போகிறாளாம்.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் ரேடியோ அதைப் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு வரியும் தமிழாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. தலைப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். படுகதிர், எதிரொளிப்புக் கதிர், பிம்பம். நாற்காலியில் சாய்ந்து நிமிர்ந்தபோது எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் அவரே தெரிந்தார். பின்சுவரிலும் ஒரு கண்ணாடி உண்டு. அதனால் அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் மற்றொருவர் என்று ரேடியோக்கள் வரிசை கட்டி நின்றார்கள். இருபது வருடமாக இதே இடத்தில் நிற்கிறோம், இதை ஒருநாளாவது நின்று பார்த்திருக்கிறோமா என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை தாளை மேசையில் விரித்தார்.

"பிம்பம்னா என்னடா?"

மகன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அதுலதான் போட்டிருக்கே. படிச்சுப் பாரு."

"படிச்சேன். மண்டையில ஏறல." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "நம்ம கடைக் கண்ணாடியில பாத்தேன். எனக்குப் பின்னாடி ஒரு ஊர்வலமே நிக்குது. முதல்ல இருக்கிற நாலு பேரு நான்தான், சந்தேகமே இல்ல. அதுக்கப்புறம் வர்றவனுங்க எல்லாம் பச்சையடிச்சுப் போயி, காமாலை கண்டவன் மாதிரி இருக்கானுங்க. யாருடா அவனுங்க?"

பையனின் வாயோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. "பச்சையாவா இருக்கு?"

"சத்தியமா. உள்ள போகப் போக இருட்டிக்கிட்டே போகுது."

"இருட்டறது தெரியும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளிச்சம் குறைஞ்சிடும்." அவன் சொல்லிவிட்டு நிறுத்தினான். வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் காதைக் கட்டிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. "பச்சை ஏன்னு தெரியல."

"கேட்டுச் சொல்றியா?"

"பாக்கறேன்."

ரேடியோவுக்கு அது போதும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "பாக்கறேன்னு சொன்னானா?" என்று திரும்பக் கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

அடுத்த வாரம் மகனே ஆரம்பித்தான். கண்ணாடி என்பது தெளிவாகத் தெரிந்தாலும் அதில் துளி பச்சை உண்டாம், ஒரு தடவை பார்த்தால் தெரியாது, ஒளி பல தடவை போய்ப் போய் வந்தால்தான் தெரியுமாம். டீச்சரிடம் கேட்டிருக்கிறான். டீச்சர் தனக்கும் தெரியாது என்று சொல்லி யாரிடமோ விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். சொல்லி முடித்துவிட்டு அப்பாவுக்கே ஒரு வேலை வைத்தான். "ரெண்டு கைக்கண்ணாடிய ஒட்ட வெச்சு நடுவுல ஏதாவது நிறுத்து. கோணத்த மாத்தி மாத்தி எத்தனை பிம்பம் வருதுன்னு பாரு. எங்களுக்கு இங்க கண்ணாடி குடுக்க மாட்டாங்க. உடைச்சு யாரையாவது குத்திடுவோமாம்."

ஜெராக்ஸ் கடையில் ஒரு கோணமானி வாங்கினார் ரேடியோ. பின்னந்தலையைக் காட்டுகிற கைக்கண்ணாடிகள் இரண்டையும் மேசைமேல் நிறுத்தி, நடுவில் ஷேவிங் பிரஷை வைத்தார். முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் தலையைத் திருப்பி, "அண்ணே, என்ன, பிரஷுக்கு அலங்காரமா?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் நுரையோடு எழுந்து வந்துவிட்டார். காத்திருந்த எலக்ட்ரீஷியனும் சேர்ந்துகொண்டார். கண்ணாடிகளைச் செங்கோணமாக வைத்தால் மூன்று பிம்பம். இன்னும் நெருக்கி அறுபது டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஐந்து. இல்லை ஆறு என்று சாதித்தார் எலக்ட்ரீஷியன். "நிஜப் பிரஷையும் சேத்து எண்ணிட்டிங்க" என்று லாரி டிரைவர் கண்டுபிடித்துச் சொன்னதும் கடையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் எலக்ட்ரீஷியன் கேட்டார். "இப்படிச் சொல்லிக்குடுக்கிற பள்ளிக்கூடம் எங்க இருக்கு? என் பொண்ணுக்கு இங்க படிப்பே சரியில்ல. உங்க பையன் இருக்கிற ஹாஸ்டல்ல சேக்கலாம்னு பாக்கறேன். அட்ரஸ் சொல்லுங்கண்ணே."

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை அது வந்தது. ஆனால் மேசைமேல் அந்த இரண்டு கண்ணாடிகளும் நின்றுகொண்டிருந்தன. உள்ளே மகன் தொட்டுப் பார்க்க முடியாத கண்ணாடிகள்.

"அது ஹாஸ்டல் இல்ல தம்பி. சீர்திருத்த இல்லம். கிடங்குல திருடப் போன கூட்டத்தோட போனான். ஒரு மனுசனத் தள்ளிவிட்டுக் காலை உடைச்சுட்டான். இத்தனை நாளா உங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லிட்டேன்" என்றார்.

ஓரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தாளை மடித்து வைத்துவிட்டு, அவசரமாக ஒரு வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. இன்னும் சிலரும் அப்படி நின்றுபோனார்கள்.

லாரி டிரைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காய்ந்துபோன நுரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அறுபதுக்கு அஞ்சுன்னு எழுதிட்டிங்களா? எழுதிட்டு வந்து இத முடிங்க. லோடு ஏத்தப் போகணும்."

எலக்ட்ரீஷியன்தான் எழுதினார். ரேடியோ புது நுரை கலக்கப் போனார்.

பொய் வெளியே போனதும் அவருக்கு இன்னொரு வேலையும் செய்யத் துணிச்சல் வந்தது. கடை விடுமுறை நாளில் அந்த வாட்ச்மேனின் வீட்டைத் தேடிப் போனார். காலை நீட்டியபடி கட்டிலில் கிடந்த மனிதர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க எதுக்குய்யா வந்தீங்க? தள்ளினது நீங்களா?"

"என் புள்ள."

"அப்ப அவன் வரட்டும். வெளிய வந்ததும் அவனே வந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசட்டும்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாட்ச்மேனின் மனைவி வாசல்வரை வந்து, "நடக்க ஆரம்பிச்சுட்டாரு. கோபம்தான் இன்னும் நடமாடுது" என்றாள். அதை ரேடியோ மகனிடம் ஒளிக்கவில்லை. கேட்டுவிட்டு அவன் பாடத்தாளை நாலாக மடித்தான். பிறகு, "போவேன்" என்றான்.

இப்படி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி வருகிறது என்று நினைத்த நேரத்தில்தான் அடி விழுந்தது. அந்தச் சனிக்கிழமை வாசலிலேயே வார்டன் மறித்துவிட்டார். பையன் சண்டை போட்டானாம், ஒரு மாதத்துக்குப் பார்வை கிடையாதாம்.

நடந்ததை டீச்சர் வந்து சொன்னாள். ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பையன், "உங்கப்பன் சலூன்ல காலேஜ் நடத்துறாராமே" என்று வம்புக்கு இழுத்திருக்கிறான். அதோடு விடாமல், ரேடியோ கொண்டுவந்து கொடுத்திருந்த, எலக்ட்ரீஷியன் கையால் எழுதிய கண்ணாடிக் கணக்குத் தாளைப் பிடுங்கிக் கிழித்திருக்கிறான். இவன் விட்ட குத்தில் ஒல்லிக்கு உதடு கிழிந்துவிட்டது.

ரேடியோ நேராக சூப்பிரண்டின் அறைக்குப் போனார். பெரிய மேசை, அதன்மேல் அடுக்கடுக்காகக் கோப்புகள், பின்னால் தூக்கம் கெட்ட முகத்தோடு ஒரு மனிதர்.

"தப்பு பண்ணினா பார்வைய வெட்டுவோம். அதுதான் ரூல்" என்றார் சூப்பிரண்டு.

"தண்டனை குடுங்க சார், வேணாங்கல. கக்கூஸ் கழுவச் சொல்லுங்க, விளையாட விடாதீங்க. ஆனா நான் வர்றது பாக்கறதுக்கு இல்ல சார், பாடத்துக்கு. பள்ளிக்கூடத்துல சண்டை போட்டாங்கறதுக்காக யாராவது கணக்குப் பாடத்த நிறுத்துவாங்களா?"

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான். உங்களுக்கு மட்டும் நான் புது ரூல் போட முடியாது."

எத்தனையோ பேர் மனதை நாற்காலியில் உட்காரவைத்தே மாற்றியவர் ரேடியோ. அந்த மேசைமுன் அவர் பேச்சு எடுபடவில்லை. ஆனால் திரும்பி நடக்கும்போது சூப்பிரண்டு கடைசியாகச் சொன்னது அவர் தலைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. உங்களுக்கு மட்டும் முடியாது. அப்படியென்றால் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டால்?

பார்வை இல்லாத வாரங்களிலும் அவர் சனிக்கிழமை தவறாமல் போனார். மகன் எழுதிய பாடத்தை டீச்சர் கொண்டுவந்து கொடுப்பாள். கேள்விகளை எழுதி அவளிடமே கொடுத்தனுப்புவார். மற்ற நேரமெல்லாம் வாசலுக்கு வெளியே இருந்த சிமெண்டுப் பெஞ்சில்தான். உள்ளே போகக் காத்திருந்த குடும்பங்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடப் போகிறோமே என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்திருப்பார்கள்.

அங்கே ரேடியோ தன் ஒலிபரப்பை ஆரம்பித்தார்.

முதலில் ஒரு பழக்காரம்மா. மூன்று பஸ் மாறி வருகிறவள். "உங்க பையன் என்ன பாடம் படிக்கிறான்மா?" என்று கேட்டதும் அவள் பயந்துபோய், "ஏன் சார், எதுவும் பண்ணிட்டானா?" என்றாள். பிறகு ஒரு மேஸ்திரி. மகனிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி வருஷமாகிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். தம்பியைப் பார்க்க வந்த ஒரு இளம்பெண், உள்ளே பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதே தனக்குத் தெரியாது என்றாள். ரேடியோ ஒவ்வொருவரிடமும் அந்த ஊர்வலக் கதையைச் சொன்னார். பச்சையடித்த ரேடியோக்கள்வரை வந்ததும், அழுது வீங்கிய முகங்களில்கூட லேசாகச் சிரிப்பு வந்தது.

"நாம எல்லாரும் சேந்து கேப்போம். இந்த ஆணியடிச்ச நாற்காலி வேணாம். வகுப்புல உக்கார விடச் சொல்லுவோம். வாரத்துல ஒரு மணி நேரம்" என்றார்.

"விடுவாங்களா?" என்றார் மேஸ்திரி.

"விடலன்னா மறுபடியும் கேப்போம். எனக்கு வாய் வலிக்காது, அதுக்கு நான் கியாரண்டி."

டீச்சர் மனுவை எழுதினாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பழக்காரம்மா பெருவிரலை மையில் தோய்த்துக்கொண்டே, "இதுலயாவது என் பேரு வரட்டும்" என்றாள். சூப்பிரண்டு அதைப் பல நாள் கிடப்பில் போட்டார். பிறகு டீச்சரைக் கூப்பிட்டு, சோதனைக்கு ஒரு தடவை நடத்திப் பார்க்கலாம் என்றும், ஏதாவது ரகளை என்றால் அத்தோடு சரி என்றும் சொல்லி அனுப்பினார்.

முதல் குடும்ப வகுப்பு நடந்த அறையில் பெஞ்சுகள் சின்னவை. மேஸ்திரியின் முழங்கால் மேசையில் இடித்தது. பையன்கள் வெட்கத்தில் நெளிந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெரிய தாளும் அடிக்கோலும் கொடுத்தாள். அவரவர் வீட்டிலிருந்து இல்லம்வரை வருகிற வழியை, அளவு மாறாமல் வரைபடமாகப் போட வேண்டும். வெளியே இருப்பவர்களுக்குத்தான் வழி தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அளவுக் கணக்கு தெரியும். ஒருவரை ஒருவர் கேட்காமல் அந்தத் தாள் நிறையாது.

அறை இரைச்சலாகிவிட்டது. "பாலத்துக்கு இந்தப் பக்கமாம்மா, அந்தப் பக்கமா?" "அட, அந்தக் கடைய இடிச்சுட்டாங்கடா, நீ வந்தப்புறம்." மூன்றாவது பஸ்ஸை வரைந்துகொண்டிருந்த பழக்காரம்மாவின் மகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "இவ்வளவு தூரமா வர்றே?" என்றான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

ரேடியோவும் மகனும் டயர் கடையில் ஆரம்பித்துப் பெரிய சாலைவரை வந்துவிட்டார்கள். அப்போதுதான் கடைசி பெஞ்சில் ஒல்லி தனியாக உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்தார். உதட்டில் தையல் போட்ட தழும்பு. முன்னால் வெற்றுத்தாள். அவனுக்கு யாரும் வருவதில்லை, வீடு என்று சொல்ல ஒரு இடமும் இல்லை என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தாள்.

ரேடியோ எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, நீ என் கடைக்கு வர்ற வழியப் போடு. இங்கிருந்து கிளம்பு. நான் சொல்றேன்."

ஒல்லி அவரை முறைத்தான். "எதுக்கு?"

"எதுக்கா? தலையப் பாரு, காக்கா கூடு மாதிரி வெச்சிருக்கே. வெளிய வந்தா எங்க வருவே?"

மகனின் முகம் கடுகடுத்தது. எழுந்து வந்து, "அவனுக்கு எதுக்குப்பா நீ? என் தாளக் கிழிச்சவன்" என்றான் அடிக்குரலில்.

"நீ அவன் உதட்டக் கிழிச்சே. கடையில ரெண்டு நாற்காலி போட்டிருக்கேன்டா. ஒண்ணுல நீ உக்காந்தா இன்னொண்ணு காலியாத்தான் கிடக்கும்."

பையன் தன் பெஞ்சுக்குத் திரும்பிப் போனான். பிறகு அடிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து ஒல்லியின் மறுபக்கத்தில் உட்கார்ந்தான். "ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு தூரம்னு முதல்ல முடிவு பண்ணு. இல்லன்னா தாள் பத்தாது" என்றான், முகத்தைப் பார்க்காமலே. சூப்பிரண்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்க வேண்டிய நேரம் தாண்டியும் அன்று யாரும் மணி அடிக்கவில்லை.

சோதனைக்கு என்று ஆரம்பித்த வகுப்பு அப்படியே நிலைத்துவிட்டது. எல்லாக் குடும்பங்களும் தொடர்ந்து வரவில்லை. மேஸ்திரி வேலை கிடைத்து வேறு ஊர் போனார். தம்பியைப் பார்க்க வந்த பெண் திருமணமானபின் நின்றுபோனாள். வந்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். சலூனில் அந்த வாரப் பாடம் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு சிலர் முடி வெட்ட வந்தார்கள். சதவீதக் கணக்கை டயர் கடைக்காரர் தீர்த்துவைத்தார். வரலாற்றுப் பாடம் வந்த வாரம் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. அத்தனையையும் ரேடியோ மகனிடம் ஒப்பித்தார். "இதுல நாலு தப்பு" என்று அவன் திருத்தி அனுப்பினான்.

பரீட்சையில் பையன் கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேறினான். கணக்கில் கொஞ்சத்தில் போய்விட்டது. "உன் எலக்ட்ரீஷியன் சொல்லிக்குடுத்த வழிதான் காரணம்" என்று அவன் அப்பாமேல் பழி போட்டான். எலக்ட்ரீஷியன் அதை ஏற்கவே இல்லை. மறு தேர்வில் அதையும் எழுதித் தேறினான்.

விடுதலையான மறுநாளே அவன் வாட்ச்மேன் வீட்டுக்குப் போனான். ரேடியோ தெருமுனையில் நின்றுகொண்டார், உள்ளே போகவில்லை. வாட்ச்மேன் அவனை முதலில் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினார். தெருவே கேட்கும்படி நன்றாகத் திட்டினார். அவன் தலையை நிமிர்த்தி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "மன்னிச்சுட்டேன்னு சொல்லல. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வான்னாரு" என்றான். போனான். அதற்கடுத்த தடவையும் போனான்.

பள்ளிக்கூடத்தில் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர் தயங்கினார். இதற்கு ரேடியோ தன் வாயை நம்பவில்லை. அடுத்த முறை போகும்போது டீச்சரையும் சூப்பிரண்டையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த ரூல்காரர் தலைமையாசிரியர்முன் உட்கார்ந்து, "இந்தப் பையனுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னபோது ரேடியோவுக்குத் தன் காது சரியாகத்தான் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பையன் இப்போது மேல்வகுப்பில் படிக்கிறான். படிப்பில் முதல் என்று சொல்ல முடியாது. சில நாள் எரிச்சலோடு வருவான், சில நாள் கதவை அறைந்து சாத்துவான். ஆனாலும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். போகிற இடம் பள்ளிக்கூடம்தான் என்பதும் வீட்டுக்குத் தெரியும்.

ரேடியோ இன்றும் சனிக்கிழமை காலையில் கடையைச் சாத்திவிட்டு இல்லத்துக்குப் போகிறார். ஒல்லிக்கு இன்னும் சில மாதம் பாக்கி இருக்கிறது. புதிதாக வருகிற குடும்பங்களை முதலில் அவரிடம் விட்டுவிடுகிறாள் டீச்சர். போன வாரம் அந்தப் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் துணிப்பை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"என் மவன் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான் சார். நான் உள்ள போயி என்னத்தப் பேச?" என்றாள்.

ரேடியோ அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாரப் பாடத்தாளை மடியில் விரித்தார். தாவரங்கள் உணவு தயாரிப்பது பற்றிய பாடம்.

"எனக்கும் இது புரியலம்மா. வாங்க, உள்ள போயி அவங்ககிட்டயே கேப்போம்."

வார்டன் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் எழுந்து உள்ளே போனார்கள்.